சங்கத்துக்குக் குழுக் காப்புறுதி எடுக்கலாமா? புற்றுநோய் வந்தால் அதில் உண்மையில் என்ன கிடைக்கும்?

கொட்டியாரன்
எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். திருகோணமலைப் பக்கத்து எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் போன கூட்டத்துக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியின் ஆள் வந்து கதைத்துவிட்டுப் போனார். உறுப்பினர் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பொலிசி. வருடக் கட்டணத்தில் பாதி சங்கம் போடும், பாதி உறுப்பினர் போட வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்று ஆஸ்பத்திரிச் செலவு, மற்றது பாரதூரமான நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை. இரண்டாவதின் பட்டியலில் முதல் பெயரே புற்றுநோய்தான்.

செயலாளர் என்பதால் அடுத்த கூட்டத்துக்குள் நான் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களில் வெற்றிலை போடாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், வாயில் வருத்தம் கண்டு கொழும்புப் பக்கத்து மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள், ஆகவே இது சும்மா கடதாசி விஷயம் இல்லை. பாதிப் பேர் எடுப்போம் என்கிறார்கள், மீதிப் பேர் அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, கம்பனிக்கு ஏன் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நாட்டிலுள்ள எல்லாருக்கும் சுகாதாரக் காப்புறுதி என்ற பேச்சும் அடிக்கடி அடிபடுகிறது. அது வந்தால் இந்தப் பொலிசி தேவைப்படாதா? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

உப்புவெளி அண்ணை
எடுங்கள். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன், சம்பளத்தில் மாதாமாதம் அக்ரஹாரக் காப்புறுதிக்கு வெட்டுவார்கள், அப்போது அது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வருத்தம் என்று ஒன்று வரும்போது விண்ணப்பம் போட ஒரு இடம் இருக்கிறது, அதுவே பெரிய தைரியம். அரச வைத்தியசாலை வார்ட்டில் படுத்த நாட்களுக்குக்கூட அதில் ஒரு சிறு தொகை உண்டு. கடலுக்குப் போகிறவனுக்கு அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. எங்களைப் போன்ற உத்தியோகத்தருக்கு அந்த அக்ரஹாரவை நடத்தத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 2017இல் சுரக்ஷா என்று ஒன்று தொடங்கினார்கள். நடுவில் இருக்கிற தொழிலாளிக்குத்தான் ஒன்றுமில்லை.

கண்தளாய் குளத்தான்
அண்ணை சொல்வது சரி, ஆனால் அந்தச் சிறு தொகைக்கு எத்தனை போட்டோப் பிரதி எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

உப்புவெளி அண்ணை
அதைக் கேட்காதே தம்பி.

நிலாவெளி ரீச்சர்
கணக்கோடு ஒரு விஷயம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். இப்போது சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறாள். ஒப்பரேஷன் இலவசம், கீமோ இலவசம், ரேடியேஷன் இலவசம். ஒரு சதம்கூட யாரும் கேட்கவில்லை, அதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகத்தில் எத்தனை நாட்டில் இது நடக்கும்? இருந்தும் வீட்டில் நகை அடகுக்குப் போனது. எப்படி என்று கேட்பீர்கள்.

முதலில் பயொப்சி எடுத்த பிறகு அந்தக் கட்டி எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அரசாங்கத்தில் செய்தால் காத்திருக்க வேண்டும் என்றார்கள், பயத்தில் கொழும்பில் தனியார் இடத்தில் செய்தோம். ஸ்கானும் அப்படித்தான். பிறகு ரேடியேஷன். இதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு நாள் படுக்கையில் கிடந்து வாங்குவது இல்லை, திங்கள் முதல் வெள்ளி வரை நாளாந்தம் போய்ச் சில நிமிடம் இயந்திரத்துக்குக் கீழே படுத்துவிட்டு வர வேண்டும், அப்படியே வாரக்கணக்கில் ஓடும். திருகோணமலையில் அந்த இயந்திரம் இல்லை. அந்தச் சில நிமிடத்துக்காக மகரகமவில் அறை எடுத்து இருக்க வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், சாப்பாடு, வாடகை, ஓட்டோ. தங்கை தையல் வேலை செய்கிறவள், அந்த வருமானம் நின்றது. அவளுடைய கணவர் வேலைக்குப் போகாமல் கூட நின்றார், அதுவும் நின்றது. பிள்ளைகள் எங்களிடம்.

நடுவில் ஒரு மருந்து கையிருப்பில் இல்லை, வெளியில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். 2022இல் நாடு டொலர் இல்லாமல் கிடந்த நேரம் வார்ட்டுகளில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

தங்கையின் கணவருக்கு வேலைத்தலத்தில் ஒரு குடும்பக் காப்புறுதி இருந்தது. அனுப்பிப் பார்த்தோம். 24 மணித்தியாலம் வார்ட்டில் அனுமதிக்கப்பட்டால்தான் கொடுப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள். கீமோ காலையில் ஏற்றிப் பின்னேரம் வீட்டுக்கு விடுகிறார்கள், ரேடியேஷனுக்குக் கட்டிலே இல்லை. அந்தப் பொலிசியில் புற்றுநோய் என்ற சொல் இருந்தது, புற்றுநோய்க்கு எப்படி வைத்தியம் செய்கிறார்கள் என்பது தெரிந்தவர் எழுதியதாகத் தெரியவில்லை. கொட்டியாரன், உங்களிடம் வந்தவர் காட்டிய முதலாவது பகுதியில் இந்த 24 மணித்தியாலம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டியாரன்
பார்த்தேன் ரீச்சர். இருக்கிறது. எழுத்து மிகவும் சிறியது.

மூதூர் நானா
ரீச்சர் சொன்ன மகரகமப் பயணம் எங்கள் பக்கத்துக்கு இன்னும் மோசம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையிலும் இருக்கிறது, ஆகவே இப்போது எல்லாரும் கொழும்புக்கே போக வேண்டும் என்று இல்லை. மூதூர், ஈச்சிலம்பற்று ஆட்களுக்கு வெருகல் பாதையால் மட்டக்களப்பு கிட்ட, பாலங்கள் போட்ட பிறகு அந்தப் பாதை நல்ல பாதை, முன்பு ஆறுகளை மிதவையில் ஏறி இறங்கிக் கடந்து போன காலத்தில் நோயாளியைக் கொண்டுபோவது என்றால் ஒரு நாள் வேலை. இருந்தும் ஆட்கள் மகரகமவுக்குத்தான் ஓடுகிறார்கள், அங்கேதான் பெரிய டாக்டர்கள் என்று ஒரு நம்பிக்கை. முதலில் மட்டக்களப்பில் கேட்டுப் பாருங்கள் என்று நான் கண்டவரிடமெல்லாம் சொல்கிறேன்.

தெல்லிப்பளை ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்களே, வழி நெடுக சனம் காசு போட்டது, அந்தக் காசில் வந்தது. உடம்பில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பெட் ஸ்கான் கருவி மகரகமவுக்கு வந்ததும் அப்படித்தான், மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் வீதியில் இறங்கி ஊர் ஊராகச் சேர்த்தார், 20 கோடி ரூபாய். எந்தக் காப்புறுதியும் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததில்லை. எங்களுக்கு வலையில் எந்த இடத்தில் கிழிந்திருக்கிறதோ அங்கேதான் ஊசி போக வேண்டும். கிழிந்திருப்பது தூரம்.

பொலிசிக்காரத் தம்பி
நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், அதை மறைக்கவில்லை, ஏச நினைப்பவர்கள் ஏசலாம். ரீச்சருக்கு நடந்தது முதலாவது பகுதி பற்றியது. அதை வைத்து இரண்டாவதையும் சேர்த்துத் தள்ள வேண்டாம். பாரதூரமான நோய்க் காப்புறுதி பில் கேட்காது. நோய் உறுதியான அறிக்கை வந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன தொகை மொத்தமாகக் கையில் வரும். மகரகமவில் இலவசமாக வைத்தியம் செய்துகொண்டு அந்தக் காசை அறை வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுக்கலாம், போட் எஞ்சின் லோனுக்கும் கட்டலாம், ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரீச்சரின் தங்கைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நகை வீட்டில் இருந்திருக்கும்.

நிலாவெளி ரீச்சர்
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதை யாரும் அப்போது எங்களுக்குச் சொல்லவில்லை.

வார்ட்டு மிஸ்ஸி
ஓய்வு பெற்ற தாதி. பொலிசிக்காரத் தம்பி நல்ல பகுதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார், மீதியை நான் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது பகுதியில் வழக்கமாக நாலு பூட்டு இருக்கும். எடுத்து முதல் 90 நாளுக்குள் நோய் கண்டால் இல்லை. கண்ட பிறகு 30 நாள் நோயாளி உயிரோடு இருக்க வேண்டும். முன்பே இருந்த நோய் என்றால் இல்லை. நாலாவதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம்: கட்டி அந்த இடத்தை விட்டுப் பரவத் தொடங்காத ஆரம்ப நிலை என்றால் புற்றுநோய் என்றே கணக்கெடுக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் சங்கத்தை யோசித்துப் பாருங்கள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, புகையிலை, சுண்ணாம்பு, பாக்கு. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. இது ஒரே நாளில் வருவதில்லை. கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிவு, வாயைப் பழையபடி திறக்க முடியாமல் இறுகுவது, இப்படி நீண்ட காலம் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வந்தால் சின்ன வெட்டோடு முடியும், சில பேருக்கு வெற்றிலையை நிறுத்தி ஒழுங்காகக் கிளினிக் வந்தாலே போதும். அப்போது வருகிறவருக்குப் பொலிசி ஒரு சதமும் கொடுக்காது. தாடையை வெட்டி, தொடையில் தோல் எடுத்து ஒட்டி, ஆறு ஏழு வாரம் ரேடியேஷன் என்று போகிறவருக்கு முழுத் தொகையும் கொடுக்கும். கையெழுத்து வைக்க முன் ஆரம்ப நிலைக்கு என்ன கொடுப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பெண்களுக்கும் இதே கதைதான். பெண்களுக்கான அரசாங்கச் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள், 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசியும் போடுகிறார்கள். உறுப்பினர்களின் மனைவிமாரில் எத்தனை பேர் அந்தக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள், தலை குனிவார்கள். வெட்கம், நேரமில்லை, ஒன்றுமில்லாதபோது எதற்கு. நான் கேட்டுக் கேட்டு அலுத்த பதில்கள்.

பொலிசிக்காரத் தம்பி
மிஸ்ஸி சொன்ன நாலும் உண்மை. ஆரம்ப நிலைக்குத் தொகையில் ஒரு பங்கு கொடுக்கிற பொலிசிகளும் சந்தையில் உண்டு, கட்டணம் சற்றுக் கூட. குழுவாக எடுக்கும்போது பேரம் பேசலாம், முன்பே இருந்த நோய் பற்றிய நிபந்தனையைக்கூடச் சில வேளை தளர்த்துவார்கள். தனியாள் பேசினால் நடக்காது.

ஹூஸ்டன் திருமலையான்
ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவன், இப்போது டெக்சாஸ். காப்புறுதியே எல்லாமாக இருக்கிற நாட்டில் சீர்திருத்தம் என்றால் என்ன என்று எழுதுகிறேன், நாடு தழுவிய காப்புறுதி வந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு உதவும்.

2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு முன் இங்கே தனியாகப் பொலிசி வாங்கப் போனால் பழைய நோயெல்லாம் கேட்பார்கள். புற்றுநோய் வந்து குணமானவர் என்றால் பெரும்பாலும் இல்லை என்பார்கள், அல்லது கட்டவே முடியாத விலை சொல்வார்கள். பொலிசி இருக்கிறவருக்கும் ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை இருக்கும், நீண்ட கீமோ என்றால் நடுவழியில் தீர்ந்துவிடும். அந்தச் சட்டம் எல்லையை எடுத்தது, 2014 முதல் பழைய நோயைக் காட்டி மறுப்பதையும் தடுத்தது, மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற மாமோகிராம் போன்ற பரிசோதனைகளுக்குப் பொலிசிதாரரிடம் காசு வாங்கக்கூடாது என்றது. மிஸ்ஸி கோபப்பட்ட இடத்தைக் கவனியுங்கள், சட்டம் போட்டு ஆரம்ப நிலைக்குக் கம்பனியை இழுத்தார்கள். தானாக எந்தக் கம்பனியும் வரவில்லை.

ஆனால் அடுத்த பாதி. ஏழைகளுக்கான மெடிக்எய்ட் என்ற அரச காப்புறுதியை, வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லாருக்கும் விரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களை அதற்குக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பெரும்பாலான மாநிலங்கள் விரித்தன, விரித்த இடங்களில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது கூடியதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. நான் இருக்கிற டெக்சாஸ் விரிக்கவில்லை. பிள்ளை இல்லாத, ஊனம் இல்லாத ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பொதுவாக இங்கே அவருக்கு அது கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவு யாரையும் பார்க்காமல் திருப்பக்கூடாது என்று 1986இலிருந்து சட்டம் இருக்கிறது, இரத்தம் கசிந்தால் நிறுத்தி அனுப்புவார்கள், கட்டிக்கு வைத்தியம் அதில் அடங்காது. 2025இல் இன்னொரு சட்டம் போட்டார்கள், விரித்த மாநிலங்களில் மெடிக்எய்ட் எடுக்கிறவர்கள் 2027 முதல் வேலை செய்கிற கணக்குக் காட்ட வேண்டும். கடும் நோயாளிக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கையும் படிவம் நிரப்பித்தான் வாங்க வேண்டும், கீமோ ஏற்றிய வாரத்தில் யார் படிவம் நிரப்புவது?

ஆட்சி மாற மாற இங்கே ஒருவருடைய சிகிச்சை மாறுகிறது. மகரகமவில் எந்தக் கட்சி வந்தாலும் கிளினிக் கொப்பியைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். அதை இழந்துவிட்டுக் காப்புறுதியை வாங்காதீர்கள் என்பதுதான் என் பயம்.

கண்தளாய் குளத்தான்
மகரகமவிலும் ஒரு காலத்தில் எல்லை இருந்தது. விலை கூடின மருந்துக்கு ஒரு நோயாளிக்கு இவ்வளவு ரூபாய்தான் என்று. பிறகுதான் எடுத்தார்கள்.

வார்ட்டு மிஸ்ஸி
உண்மை. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கிற ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் ஏற்ற வேண்டும். எல்லை இருந்தால் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற சிகிச்சை, பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும்.

உப்புவெளி அண்ணை
ஹூஸ்டன் தம்பியின் பயம் எனக்கும் உண்டு. 1971இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். 25 சதம்தான், இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வருகிற சனம் குறைந்தது. 1977இல் எடுத்தார்கள். காசு கொடுத்தவனுக்கு ஒரு வரிசை, கொடுக்காதவனுக்கு ஒரு வரிசை என்று வந்தால் எங்கள் ஆட்கள் எந்த வரிசையில் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

முகாம் மருமகன்
என் மாமியின் குடும்பம் 90இல் நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் போய் இன்னும் தமிழ்நாட்டு முகாமில்தான். மாமிக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வந்தபோது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில்தான் வைத்தியம் நடந்தது. முகாமில் இருக்கிற இலங்கையரும் அந்தத் திட்டத்தில் உண்டு, குடியுரிமை இல்லாவிட்டாலும். அங்கே அந்த அட்டையால் தனியார் ஆஸ்பத்திரி வாசலும் திறக்கிறது, அதனால் தூரம் குறைகிறது. இங்கே அப்படி அட்டை கொடுத்தாலும் எந்த வாசலைத் திறப்பது? தனியாரில் ரேடியேஷன் என்று தேடினாலும் கொழும்புக்குத்தானே போக வேண்டும்.

மூதூர் நானா
அதைத்தான் நானும் சொன்னேன் மருமகனே.

நிலாவெளி ரீச்சர்
ஒரு விஷயம் யாரும் எழுதவில்லை. அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணத் திட்டத்தில் சிறுநீரக நோயாளிக்கு மாதாந்தம் கொடுப்பனவு இருக்கிறது, 2025இல் 7,500 ரூபாயை 10,000 ஆக்கினார்கள். புற்றுநோயாளிக்கு அதில் தனி வகை இல்லை. மாகாண சமூக சேவைத் திணைக்களத்தில் ஒரு சிறு உதவி உண்டு, அவ்வளவுதான். டயலிசிஸுக்கு அலைகிறவருக்கும் ரேடியேஷனுக்கு அலைகிறவருக்கும் பஸ் ரிக்கெற் ஒரே விலைதானே. சீர்திருத்தம் என்று பெரிதாகப் பேசுகிறவர்கள் முதலில் இந்த ஒரு வரியைச் சேர்க்கலாம், கம்பனியும் தேவையில்லை, புதுச் சட்டமும் தேவையில்லை. சிகிச்சை நடக்கிற மாதங்களுக்கு மட்டும் கொடுத்தாலே அறை வாடகை அடங்கும்.

இன்னொன்று, ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்புக்கு ஓட வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இது தெரியாது, இன்னும் தரகரிடம் காசு கொடுத்து மனு எழுதுகிறார்கள்.

கொட்டியாரன்
எல்லாருக்கும் நன்றி, குறிப்பை எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரிச் செலவுப் பகுதி வேண்டாம், அதற்குப் போகிற காசையும் சேர்த்து மொத்தத் தொகைப் பகுதியை மட்டும் கேட்கப் போகிறோம். ஆரம்ப நிலைக்கு ஒரு பங்கு எழுத்தில் இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். கம்பனி ஒத்துவராவிட்டால் சங்கத்தின் பாதிக் காசைத் தனிக் கணக்கில் போட்டு, மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ போகிற உறுப்பினரின் போக்குவரத்துக்குக் கொடுக்கலாம் என்று நானாவின் யோசனையையும் கீழே எழுதியிருக்கிறேன். அதற்குத்தான் கூட்டத்தில் கை கூட உயரும் என்று நினைக்கிறேன். மிஸ்ஸி, ஒரு உதவி. எல்லாருடைய வாயையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியுமா?

வார்ட்டு மிஸ்ஸி
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கடிதம் கொடுங்கள், பல் வைத்தியரை அனுப்பக் கேளுங்கள். ஒரு ரோர்ச்சும் கதிரையும் நல்ல வெளிச்சமும் போதும், ஒரு ஆளுக்குச் சில நிமிடம். வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து நிற்கக் கூடாது, வாய் சிவந்திருந்தால் ஒன்றும் தெரியாது. நானும் வருகிறேன்.

மூதூர் நானா
வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், ஜும்மா இருக்கிறது. நிறைநிலவு அன்று வையுங்கள், முக்கால்வாசி வள்ளம் கரையில்தான் இருக்கும்.

கண்தளாய் குளத்தான்
நானா, நிறைநிலவு என்றால் போயா. பல் டாக்டருக்கு லீவு.

மூதூர் நானா
அப்படியென்றால் அடுத்த நாள். அன்றைக்கும் நிலவு இருக்கும்தானே.